நாணயமே ஈடு: கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வரலாறு

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது தமிழருக்குப் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவரும், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் எழுத்தர் வேலைக்கு வந்து மாட்டுங்காவில் குடியேறியவரும், பின்னாளில் செம்பூரில் வீடு தேடியவரும் வெவ்வேறு நிலையினர். ஆயினும் அவர்கள் அனைவரும் முதல் சில ஆண்டுகளில் பட்ட இன்னல் ஒன்றேயாகும். மாதச் சம்பளம் வரும். அரிசிக்கும் வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் பணவிடைக்கும் அது சரியாகப் போய்விடும். அப்போது ஊரிலிருந்து ஒரு தந்தி வரும். தகப்பனார் படுத்த படுக்கை என்றோ, தங்கைக்கு வரன் முடிந்துவிட்டது என்றோ அதில் இருக்கும். கைச்செலவுக்கும் இரயில் கட்டணத்துக்கும் அன்று மாலைக்குள் பணம் வேண்டும். யாரிடம் கேட்பது?

சொந்த ஊரில் இந்தக் கேள்விக்கு விடை உண்டு. இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன் என்ற பேரே அங்கு ஈடாக நிற்கும். நிலபுலம் இல்லாதவனுக்கும் ஊர் அறிந்தவன் என்ற ஒரு சொத்து உண்டு. நகரத்திலோ அந்தச் சொத்து செல்லாது. பக்கத்து அறையில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாத இடத்தில், நேர்மையானவனும் நேர்மையற்றவனும் கடன் கொடுப்பவன் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவர். ஆகவே அவன் இருவரிடத்தும் ஒரே வட்டியைக் கேட்கிறான். அந்த வட்டி நேர்மையற்றவனை மனத்திற்கொண்டு விதித்த வட்டியாகவே இருக்கும்.

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு நம் முன்னோர் 'சிக்கன நாணயச் சங்கம்' என்று பெயரிட்டது மிகவும் பொருத்தமானது. ஒருவரையொருவர் அறிந்த சிலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை, ஒருவரின் நேர்மையையே ஈடாகக் கொண்டு, அவருக்குத் தேவைப்படும்போது அளவான வட்டிக்குக் கொடுப்பது இச்சங்கத்தின் வேலை. மேனாடுகளில் 'கிரெடிட் யூனியன்' என்று வழங்குவதும் இதுவே. இச்சங்கம் தோன்றி வளர்ந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் மும்பைக்கும் தனியிடம் உண்டு என்பதை நம்மவரில் பலர் அறியார்.

சங்கச் சட்டங்கள் பிறப்பதற்கு முன்பே நம் நாட்டில் இதற்கு ஒத்த முறைகள் இருந்தன. சீட்டு அவற்றுள் ஒன்று. இருபது பேர் கூடி மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் இருபதாயிரம் சேரும். ஏலத்திலோ குலுக்கலிலோ அது ஒவ்வொரு மாதமும் ஒருவர் கைக்குப் போகும். சென்னையில் நிதிகள் இன்னொரு முறை. உறுப்பினரிடம் மாதச் சந்தா வாங்கி உறுப்பினருக்கே கடன் கொடுத்த அந்த நிதிகளுள் 1872ஆம் ஆண்டில் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்ட் பெயர்பெற்றது. சீட்டு எளிமையானது, ஆனால் அதற்குச் சேமநிதி கிடையாது. இருபதாம் மாதம் வந்தவுடன் அது கலைந்துபோகும். சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் இருபதாம் மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுமில்லை. நிதியோ பெரும்பாலும் நகையோ வீடோ ஈடு காட்டக்கூடியவருக்கே பயன்பட்டது. ஒன்றுமில்லாதவனின் நேர்மையைக் கணக்கில் எழுதி வைக்கும் ஏற்பாடு இன்னும் வரவில்லை.

அந்த ஏற்பாடு ஜெர்மனி நாட்டில் உருவாயிற்று. அங்கே சுல்ட்சே டெலிட்ஷ் என்பவர் 1850ஆம் ஆண்டில் நகரத்துக் கைவினைஞர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் ஒரு கடன் சங்கம் அமைத்தார். ரைபைசன் என்ற சிற்றூர்த் தலைவர், 1846, 1847ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டி வழங்கும் பணியில் இறங்கி, பிறகு 1864இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் இடத்தில் உழவர்களுக்கான கடன் சங்கத்தை நிறுவினார். தருமமாக வரும் பணம் ஒருநாள் நின்றுவிடும் என்பதை அவர் பட்டறிந்திருந்தார். ஒரே ஊரைச் சேர்ந்தவர், ஒருவரையொருவர் நன்கறிந்தவர், ஒருவர் கடனுக்கு மற்றவர் எல்லாரும் பொறுப்பு என்பன அவர் வகுத்த விதிகள். ஓர் உழவனுக்குச் சொத்து இல்லாமல் இருக்கலாம். ஊரார் அனைவரும் சேர்ந்து நின்றால் எந்த வங்கியும் அவர்களை நம்பும்.

இந்தியாவில் அக்காலத்தில் கடன் ஒரு பெருந்தீயாக இருந்தது. 1875ஆம் ஆண்டு மே மாதத்தில் புனே மாவட்டத்துச் சூப்பே என்னும் ஊரில் உழவர்கள் திரண்டு லேவாதேவிக்காரரின் கடன் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினர். கலகம் பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. தக்காணக் கலகம் என்று வரலாறு கூறுவது இதனையே. பத்திரத்தைக் கொளுத்தலாம், ஆனால் அடுத்த விதைப்புக்கு மீண்டும் கடன் வேண்டுமே! இதற்கு வழிகாண முற்பட்டவர்களுள் முக்கியமானவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரடெரிக் நிக்கல்சன். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கையேட்டை எழுதியவரும் அவரே. உழவர்க்கான வங்கிகளைப் பற்றி ஆராயும்படி சென்னை அரசாங்கம் 1892இல் அவரைப் பணித்தது. அவர் 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அறிக்கை தந்தார். அத்தனை பக்கங்களின் சாரமும் ஓர் அறிவுரையில் அடங்கும். நிதியை எண்ணிக் கவலைப்படுவதற்கு முன், ரைபைசனைப் போல ஊருக்குள் நின்று உழைக்கும் மனிதனைத் தேடுங்கள் என்பதே அந்த அறிவுரை.

அவ்வறிக்கையின் பயனாகவும் பின்வந்த குழுவொன்றின் பயனாகவும் 1904ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளதுமான திரூர் என்னும் சிற்றூரில் உழவர் கடன் சங்கம் பதிவாயிற்று. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்தியாவில் இச்சட்டத்தின் கீழ் எழுந்த முதல் சிற்றூர்ச் சங்கமும் முதல் நகரச் சங்கமும் தமிழ் மண்ணிலேயே தோன்றின. அதே 1904இல் திருவல்லிக்கேணியில் பண்டகசாலை நடத்துவதற்கான கூட்டுறவுச் சங்கமும் தொடங்கிற்று. ஆக, இம்முறை நமக்கு வெளியிலிருந்து வந்த புதுமையன்று. நம் ஊரிலிருந்து நாம் எடுத்து வராமல் விட்டுவந்த பொருள் என்றே கூற வேண்டும்.

நாம் விட்டு வந்ததை மும்பைக்கு வந்த வேறு சிலர் கையில் எடுத்தனர். அந்நாளில் பம்பாய் என்று வழங்கிய இந்நகரத்தில், கன்னட நாட்டுக் கடற்கரையிலிருந்து கொங்கணி பேசும் சாரஸ்வத குடும்பங்கள் எழுத்தர் வேலைக்கும் வக்கீல் தொழிலுக்கும் வந்து சேர்ந்தன. அவர்களின் ஊர்களுள் பல, அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கிய தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்தவை. நம்மைப் போலவே மொழி வேறாய், ஊர் தொலைவாய், சம்பளம் குறைவாய் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஸ்ரீபாத சுப்பராவ் தல்மக்கி என்பவர், தம் மதிப்பிற்குரிய ஷாம்ராவ் விட்டல் கைகினி அவர்களின் நினைவாக, 1906ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27ஆம் நாள் ஷாம்ராவ் விட்டல் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். சங்கம் அமைந்த ஒன்பதாம் ஆண்டில், அதாவது 1915இல், அவரே காம்தேவியில் சாரஸ்வதக் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தையும் அமைத்தார். கடன் கொடுக்கக் கற்றவர்கள் அடுத்து வீடு கட்டக் கற்றுக்கொண்டார்கள்.

1918ஆம் ஆண்டு செப்டம்பரில் சாரஸ்வதக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. வீட்டில் திருமணம், நோய்க்கு மருத்துவம், பழைய கடனை அடைத்தல் என்னும் இத்தகைய தேவைகளுக்கு உதவுவதே அதன் நோக்கமாக இருந்தது. அது 1933இல் வங்கியாக மாறி, இன்று நாட்டிலேயே மிகப் பெரிய நகரக் கூட்டுறவு வங்கியாக விளங்குகிறது. தென்னிந்தியர் பெயரிலும் மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கி இருந்தது. பின்னாளில் அது சாரஸ்வத வங்கியுடன் இணைந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிறு சங்கம் பெரிய சங்கத்தோடு சேர்வது இவ்வியக்கத்தில் இயல்பு. ஆயினும் ஒரே காலத்தில், ஒரே நகரத்துக்கு, ஒரே வகையான வேலை தேடி வந்த இரு கூட்டத்தாரில் ஒருவர் நட்டது ஆலமாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

எழுத்தர்களுக்குப் பயன்பட்ட இம்முறை கூலி உழைப்பாளிக்கும் பயன்படுமா என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. 1931ஆம் ஆண்டில் அறிக்கை தந்த தொழிலாளர் பற்றிய அரசாங்க ஆணைக்குழு, பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் குடும்பங்கள் கடனில் மூழ்கியிருப்பதாகக் கண்டது. மாதம் ரூபாய்க்கு ஓர் அணா வட்டி என்பது அக்காலத்தில் பரவலாக வழங்கியது. கேட்பதற்கு அது சிறிதாகத் தோன்றும். பதினாறு அணாவுக்கு மாதம் ஓர் அணா என்றால், ஆண்டுக்குப் பன்னிரண்டு அணா. அதாவது நூற்றுக்கு 75 வட்டி!

பம்பாய் நகராட்சியில் பொறியாளராகப் பணியாற்றிய அமிர்தலால் தக்கர், குர்லாப் பகுதியில் வாழ்ந்த துப்புரவுத் தொழிலாளரின் நிலையை நேரில் கண்டார். சம்பளம் வாங்கும் நாளிலேயே அதனைக் கடன்காரன் பறித்துப் போவதைத் தடுக்க, இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கோபால கிருஷ்ண தேவதர் போன்றோரின் துணையுடன் அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க முயன்றார். 1914இல் நகராட்சிப் பணியையும் துறந்து பொதுத்தொண்டில் இறங்கினார். தக்கர் பாபா என்று நாடு போற்றியவர் அவரே. ஊரார் தொட அஞ்சிய மக்களை, நாணயமுள்ளவர் என்று நம்பிக் கடன் கொடுத்த செயல் பொருளாதாரத்தோடு நிற்கவில்லை. அது மனிதனுக்கு மதிப்பளித்த செயலுமாகும்.

இதே காலத்தில் கடல் கடந்த நாடுகளிலும் இவ்விதை முளைத்தது. கனடா நாட்டு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சு மொழிப் பேச்சுகளைக் குறிப்பெடுக்கும் பணியிலிருந்த அல்போன்ஸ் டெஜார்தென் என்பவர், அங்கு நடந்த விவாதத்தில் ஏழைகள் கொடுத்த கொடும் வட்டியைக் கேட்டு மனம் வருந்தி, 1900ஆம் ஆண்டு டிசம்பரில் லெவி என்னும் தம் ஊரில் மக்கள் சேமிப்புச் சங்கத்தை நிறுவினார். அமெரிக்கக் கடை முதலாளி எட்வர்ட் பைலீன் 1907இல் உலகப் பயணத்தின்போது இந்தியாவுக்கு வந்து, வங்காளத்துச் சிற்றூர்க் கடன் சங்கங்களைக் கண்டு வியந்தார். 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடன் சங்கச் சட்டம் பிறந்ததில் அவர் பங்கு பெரிது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படுவதால் தோட்டத் தொழிலாளரான தமிழர் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தைக்கொண்டு அச்சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. அயல்நாட்டில் தமிழர் செய்து காட்டியதை அயல்மாநிலத்தில் செய்தல் அரிதன்று.

மும்பையிலேயே நமக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜாக்கின் அற்புதம், செம்பூரை அடுத்த மான்குர்துப் பக்கத்து ஜனதா காலனியில் குடியிருந்தார். 1976இல் அந்தக் குடியிருப்பு முழுவதும் இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அவர் வளர்த்த குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்போடு இணைந்து, பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் 1986இல் மகிளா மிலன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். நாள்தோறும் ஒரு பெண் வீடு வீடாகச் சென்று ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வாங்கிக் குறித்து வைப்பார். பணம் இல்லாத நாளிலும் அவர் வாசலுக்கு வராமல் இருக்கமாட்டார். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் கணவனுக்கு வேலையில்லை என்று அறிவதும் அவர் கடமையாயிற்று. ரைபைசன் ஜெர்மன் சிற்றூரில் கண்ட உண்மையை இப்பெண்கள் நடைபாதையில் கண்டார்கள்: பணம் சேர்ப்பதன் முதற்பயன் ஒருவரையொருவர் அறிதல். ஜாக்கின் அவர்களுக்கு 2000ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது.

இனி, இச்சங்கம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண்போம்.

ஓர் அலுவலகத்தில் பணிபுரிவோர், ஒரு தெருவினர், ஒரு தொழிலைச் செய்வோர் என ஏதேனும் ஒரு பொதுப் பிணைப்பு உடையவரே உறுப்பினராவர். ஒவ்வொருவரும் பங்குத் தொகை செலுத்தி, மாதந்தோறும் சிக்கனச் சேமிப்பும் கட்டுவர். நூறு பேர் மாதம் 500 ரூபாய் கட்டினால் மாதம் 50,000 ரூபாயும், ஓராண்டில் 6 இலட்சம் ரூபாயும் சேரும். எவர் தயவும் இன்றிச் சேர்ந்த பணம் இது. கடன் வேண்டுபவர் மனுக்கொடுத்து, உறுப்பினர் இருவரைப் பிணையாகக் காட்ட வேண்டும். நிர்வாகக் குழு தேவையையும் திருப்பிச் செலுத்தும் ஆற்றலையும் பார்த்துக் கடன் வழங்கும். வட்டியாக வரும் வருவாயில் செலவு போக மிஞ்சியதில், மகாராஷ்டிரச் சட்டப்படி குறைந்தது நான்கில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்க வேண்டும். பங்காதாயம் நூற்றுக்கு 15க்கு மேல் போகக்கூடாது. ஒருவருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் வாக்கு ஒன்றுதான். பணம் படைத்தவர் ஆள்வதற்கு இங்கு இடமில்லை.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். சிறு வணிகரிடம் வழங்கும் தண்டல் முறையில், பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்தைக் கழித்து, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் அடைக்க வேண்டும். 'ஆயிரம்தானே' என்று தோன்றும். ஆனால் கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், இது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 77 வட்டியாகும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் பாட்டனார் கொடுத்த ரூபாய்க்கு ஓர் அணா வட்டியே இன்று வேறு உடை அணிந்து வந்திருக்கிறது! அதே ஒன்பதாயிரத்தைச் சங்கம் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியில் கொடுத்து, அதே நூறு நாளில் வசூலித்தால் வட்டி ஏறத்தாழ 150 ரூபாய். எஞ்சிய 850 ரூபாய் இட்டலிக் கடைக்காரர் வீட்டில் தங்கும். பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகும்.

சங்கம் தொடங்குவது எப்படி? மகாராஷ்டிரத்தில் 1960ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமே இதற்கு அடிப்படை. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேராவது சேர்ந்து மனுச் செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் குறைந்த அளவு. கடன் சங்கமாயின், செயல்படும் பகுதியைப் பொறுத்துப் பதிவாளர் இன்னும் மிகுதியான உறுப்பினரையும் பங்குத் தொகையையும் கேட்பார். ஆதலால் முதலில் அப்பகுதித் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் விவரம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். பிறகு தொடங்குவோரின் கூட்டத்தைக் கூட்டி முதன்மை அமைப்பாளர் ஒருவரைத் தேர்ந்து, பெயரும் துணைவிதிகளும் முடிவு செய்து, வங்கியில் பங்குத் தொகையைச் செலுத்தி, மனுவைத் தர வேண்டும். பதிவுக்குப் பின் முதற் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழு அமையும். ஆண்டுதோறும் தணிக்கையும் பொதுக்கூட்டமும் கட்டாயம்.

இவ்வளவும் ஒரே நாளில் இயலாதெனில் சிறிதாகத் தொடங்கலாம். மராத்தியில் 'பசத் கட்' என்று வழங்கும் சேமிப்புக் குழுவைப் பத்து முதல் இருபது பெண்கள் கூடி அமைக்கலாம். அதற்குப் பதிவு வேண்டியதில்லை. இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. ஈராண்டு ஒழுங்காகக் கணக்கு எழுதி, ஒருவர் கடனும் நிலுவையில்லாமல் வசூலித்துப் பழகிய குழுவினரே நாளைக்குச் சங்கம் நடத்தத் தகுதி பெற்றவர்.

நன்மைகளை மட்டும் கூறித் தீமைகளை மறைத்தல் முறையன்று. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி, கட்டட நிறுவனக் குழுமம் ஒன்றுக்கே பெருந்தொகையைக் கடனாகக் கொடுத்து அதை மறைத்து வந்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதன்மீது கட்டுப்பாடு விதித்தபோது, முதல் சில நாட்கள் ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாமற்போயிற்று. ஓய்வூதியப் பணத்தைப் போட்டிருந்த முதியோர் வங்கி வாசலில் நின்று கலங்கினர். 2022 ஜனவரியில் அவ்வங்கி வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டது. கூட்டுறவு வங்கிக்காவது ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரைக்கும் வைப்புக் காப்பீடு உண்டு. நாம் பேசும் கடன் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு இல்லை. ஆகவே சங்கத்தில் பணம் போடுபவர் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் படிக்க வேண்டும். பொதுக்கூட்டத்துக்குப் போக வேண்டும். ஒரே தலைவர் பதினைந்து ஆண்டு மாறாதிருந்தால் காரணம் கேட்க வேண்டும். வழக்கத்துக்கு மீறிய வட்டி தருவதாகச் சொல்லும் சங்கத்தை விட்டு விலக வேண்டும்.

பிணையாளியின் பொறுப்பைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவதில் தவறில்லை. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவருக்குச் சங்கத்தில் பிணைக் கையெழுத்திட்டேன். எவ்வளவு கடன், என்ன தேவை என்று கேட்பது நட்புக்கு அழகன்று என எண்ணினேன். அவர் சில மாதங்களில் வேலையை விட்டு ஊரையும் விட்டுப் போய்விட்டார். பதினான்கு மாதம் என் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். முதலில் சங்கத்தின்மீது சினம் பொங்கியது. செயலாளராயிருந்த முதியவர், கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, அந்தக் கடன் யார் யாருடைய சேமிப்பிலிருந்து போயிற்று என்று காட்டினார். கடைநிலை ஊழியர் ஒருவர் தம் மகள் திருமணத்துக்கென்று சேர்த்து வந்த பணமும் அதில் இருந்தது. என் கையெழுத்தை நம்பியே அவர் பணம் வெளியே போயிருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. பிறகு எவருக்குக் கையெழுத்திட்டாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கேட்டதனால் எந்த நட்பும் முறிந்துவிடவில்லை.

அறிமுகமே இச்சங்கத்தின் பலம். அறிமுகமே இதன் பலவீனமும் ஆகும். தெரிந்தவர் என்பதற்காக வசூலை ஒத்திப்போடும் நாளில் சங்கம் சரியத் தொடங்கும். ஒரே ஊரார், ஒரே சாதியார் என்னும் சிறு வட்டத்துக்குள் அடைபட்டாலும் அது வளராது. தாராவியில் ஒரே சந்தில் தோல் தொழிலாளியும், குயவரும், தையற்காரரும், இட்டலி சுற்றும் வணிகரும் வாழ்கின்றனர். அவர்களுள் தமிழர் உண்டு, மராத்தியர் உண்டு, குஜராத்தியர் உண்டு. அந்தச் சந்து முழுவதும் ஒரு சங்கமாகட்டும். அதுவே பொதுப் பிணைப்பு.

மாட்டுங்காவில் 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியபோது நம்மவர் கையில் பெருஞ்செல்வம் இருந்ததில்லை. நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு கூடினர். அதன் பயனைத் தமிழர் மட்டுமன்றி இந்நகரமே துய்க்கிறது. கல்விக்குக் கூடியவர்கள் கடனுக்கும் கூடலாம். இவ்வாரம் உங்கள் மாடிப்படியிலோ, அலுவலக உணவுக்கூடத்திலோ, கோயில் மண்டபத்திலோ பத்துப் பேரை அழைத்து அமருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதற் பக்கத்தில் பெயர்களை எழுதுங்கள். ஆளுக்கு நூறு ரூபாய் போதும். நள்ளிரவில் ஊரிலிருந்து செய்தி வரும்போது, இந்நகரத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற கேள்விக்கு அந்த முதற் பக்கமே விடையாகும்.